அப்பாவின் டின்னில் 163 நோட்டு: 786, 444444, அம்மாவின் கல்யாணத் தேதி. எண்ணுக்காக நோட்டு சேர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கண்டக்டர்மகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டராக இருந்தார். 2022இல் தவறிவிட்டார். போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 163 நோட்டுகள். அப்பா நோட்டு சேர்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல எண் உள்ள நோட்டு பையில் விழுந்தால், டிப்போவில் கலெக்‌ஷன் கட்டுவதற்கு முன்னால் தன் சட்டைப் பையிலிருந்து வேறு நோட்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வாராம்.

ஒவ்வொரு நோட்டோடும் ஒரு பழைய டிக்கெட் மடித்து வைத்திருக்கிறது. டிக்கெட்டின் பின்பக்கம் தேதியும் தடமும் பென்சிலால் எழுதியிருக்கிறார். "தேனி, கடைசி ட்ரிப், மழை" என்று ஒன்றில் இருக்கிறது.

இருப்பவற்றில் முக்கியமானவை இவை. ஆரியபட்டா படம் போட்ட 2 ரூபாய் நோட்டில் 444444, கொஞ்சம் அழுக்கு. டிராக்டர் 5 ரூபாயில் 123321. மயில் 10 ரூபாயில் 090682. அது அப்பா அம்மா கல்யாணத் தேதி. அந்த ஒரு நோட்டின் டிக்கெட்டில் மட்டும் அப்பா எதுவும் எழுதவில்லை. அப்புறம் 786 என்று முடியும் நோட்டுகள் 41. பழைய 500 ரூபாய் நோட்டுகள் 12.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 786 நோட்டு ஒன்றின் படத்தைப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் கூப்பிட்டு, 5 லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் 2,150 ரூபாய் அனுப்புங்கள் என்கிறார். தினமும் கூப்பிடுகிறார். என்ன செய்வது?

பழையதாள்

தங்கச்சி, முதல் வேலையாக அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நோட்டை வாங்க வருகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும், உங்களிடம் ஏன் கேட்கிறார்? பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள்.

இரண்டாவது, எதையும் லேமினேட் செய்ய வேண்டாம். இஸ்திரி போட வேண்டாம். அழிப்பானால் அழுக்கைத் தேய்க்க வேண்டாம். தண்ணீரில் நனைக்க வேண்டாம். நிறைய நல்ல நோட்டு டின்னில் இருந்த நாற்பது வருஷத்தில் கெடாமல், வெளியே எடுத்த முதல் வாரத்தில்தான் கெடுகிறது.

மூன்றாவது, டிக்கெட்டையும் நோட்டையும் பிரிக்காதீர்கள். நான் 28 வருஷமாகச் சேர்க்கிறேன். எந்த நோட்டு எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று எழுதி வைத்த தொகுப்பை இதுவரை பார்த்ததில்லை.

கணக்குடீச்சர்

786 நோட்டுக்கு 5 லட்சம் என்பது ஏன் நடக்காது என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

நோட்டு எண்ணுக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் குறியீடுதான் முன்னெழுத்து. ஒரு முன்னெழுத்துக்கு 10 லட்சம் எண்கள். ஆறு இலக்கத்தில் 786 என்ற வரிசை எங்காவது வருவதற்கு நான்கு இடம் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஆயிரம் எண், ஆக 4,000. 786786 இரண்டு முறை எண்ணப்படுவதால் ஒன்றைக் கழித்தால் 3,999. அதாவது ஏறக்குறைய 250 நோட்டில் ஒன்று. மளிகைக் கடைக் கல்லாவைக் கவிழ்த்தால் ஒன்று கிடைத்துவிடும். 786 என்று முடிய வேண்டும் என்றால் ஆயிரத்தில் ஒன்று.

ஆறும் ஒரே இலக்கமாக வருவது 111111 முதல் 999999 வரை ஒன்பதே ஒன்பது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கிற 123321 வகை 999. தேதியாகப் படிக்கக்கூடிய எண், நாள் மாதம் வருஷம் என்ற வரிசையில், 36,525. 27 நோட்டில் ஒன்று யாரோ ஒருவருடைய பிறந்த நாள். ஆனால் உங்கள் வீட்டுத் தேதி என்றால் முன்னெழுத்துக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அப்பா கையில் நாளைக்கு 500 நோட்டு வந்தது, வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 31 வருஷத்தில் 46 லட்சத்து 50 ஆயிரம் நோட்டு. அதில் 786 என்று முடிவது மட்டுமே 4,650 வந்திருக்கும். நெரிசலில் பத்தில் ஒன்றைத்தான் பார்த்தார் என்றாலும் 465. டின்னில் இருப்பதோ 41. மீதி எங்கே போயிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் அக்கா.

ஓய்வுகாசாளர்

நான் வங்கியில் 34 வருஷம் காசாளராக இருந்தவன். கட்டு விஷயம் தெரிந்தால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும், அதனால் எழுதுகிறேன்.

100 நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல். கட்டு எப்போதும் 01இல் தொடங்கி 00இல் முடியும். புதுப் பண்டல் வந்ததும் மேல் நோட்டின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்ப்பேன். 472 என்றால் அந்த ஆயிரத்தில் திருப்பிப் படிக்கிற எண் ஒன்றே ஒன்று: 472274. அது 472201இல் தொடங்கும் கட்டில் இருக்கும். மற்ற ஒன்பது கட்டையும் பிரிக்கவே வேண்டாம். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இப்படிப்பட்ட நோட்டுக்காகவே காத்திருப்பார், அவருக்கு எடுத்து வைப்பேன்.

ஒரு முன்னெழுத்தின் கடைசிக் கட்டு 999901இல் தொடங்குகிறது. அதன் நூறாவது நோட்டு 1000000. ஆறு இலக்க வரிசையில் ஏழு இலக்கம் உள்ள ஒரே நோட்டு அது. என் 34 வருஷத்தில் ஒரே ஒரு முறை கையில் வந்தது, ஒரு 10 ரூபாய் நோட்டில். வாடிக்கையாளர் பணம் என்பதால் கட்டோடு கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த நோட்டின் முகம் நினைவில் இருக்கிறது.

உங்கள் 444444இல் இடப்பக்கம் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்தில் கட்டுகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பது வழக்கம். 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி பின் அடிப்பதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் காகிதப் பட்டை வந்தது. அதற்கு முந்தைய நோட்டில் பின் ஓட்டை இருப்பது இயல்பு.

சங்கக்காசு

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் பழங்கால நாணயம் சேர்ப்பவன். ஒரு சதுரச் செப்புக்காசில் யானையும் மீனும் இருந்தால் அது ஓர் அரசனைப் பற்றிச் சொல்கிறது. நோட்டில்கூட வடிவம், கையெழுத்து, அச்சு ஆண்டு எல்லாம் வரலாறு. வரிசை எண் அப்படியில்லை, எந்திரம் தானாகப் போடுவது. 444444க்கும் 444445க்கும் வரலாற்றில் என்ன வேறுபாடு? எண்ணுக்குக் காசு கொடுக்கும் பழக்கம்தான் இந்த மோசடிக்காரர்களுக்கு இடம் கொடுக்கிறது என்பது என் எண்ணம். அந்தச் சகோதரியின் அப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த டிக்கெட்டுகள்தான் உண்மையான பொக்கிஷம்.

காயல்காரன்

786 பற்றிக் கேட்காமலே எல்லோரும் பேசுகிறோம், அதனால் சொல்கிறேன். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அப்ஜத் கணக்கு என்பார்கள். "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்பதைக் கூட்டினால், பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. மொத்தம் 786. கீழே விழுந்து மிதிபடக்கூடிய தாள்களில் இறைவன் பெயரை எழுதத் தயங்கியவர்கள் இந்த எண்ணை எழுதினார்கள். இது பிஸ்மிக்கு ஈடாகாது என்று சொல்லும் ஆலிம்களும், அதாவது மார்க்க அறிஞர்களும் உண்டு. எங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்தும் இருக்கிறது.

ஆனால் வாப்பாவின் கடைக் கல்லாவில் அடியில் ஒரு 786 நோட்டு எப்போதும் இருக்கும். கடை திறந்த அன்று முதல் வியாபாரத்தில் வந்தது. எவ்வளவு முடை வந்தாலும் அதைச் செலவழித்ததில்லை. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும்போது 786 நோட்டாகப் பார்த்துக் கொடுப்பார்கள். விற்கிற பொருளாக யாரும் நினைத்ததில்லை.

பழையதாள்

சங்கக்காசு ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. மோசடி பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் எண்ணுக்கு வரலாறு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1861இல் காகிதப் பணச் சட்டம் வந்த பிறகு அரசு வெளியிட்ட விக்டோரியா உருவம் போட்ட நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சு. அவற்றை எப்படித் தபாலில் அனுப்பினார்கள் தெரியுமா? பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் திருடியவனுக்குப் பாதித் தாள்தான் மிஞ்சும். இரண்டு பாதியும் ஒரே நோட்டுதான் என்பதற்கு எண்ணே சாட்சி. இன்றைக்கும் அந்தக் கால நோட்டுகள் நடுவில் ஒட்டுப் போட்டுக் கிடைக்கின்றன. அப்படிக் கிடைத்தால் நான் முதலில் இரண்டு பாதியிலும் உள்ள எண்ணைத்தான் ஒப்பிடுவேன். ஒருமுறை இரண்டும் வேறு வேறாக இருந்தது. யாரோ பின்னாளில் இரண்டு அநாதைப் பாதிகளைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

நட்சத்திர நோட்டையும் பாருங்கள். 2006 ஆகஸ்ட் வரை புதுக் கட்டு என்றால் நூறும் அடுத்தடுத்த எண்ணில் இருக்கும். அதன் பிறகு, அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் போட்ட நோட்டு வந்தது. முதலில் 10, 20, 50 ரூபாயில். 2016 டிசம்பரில் புதிய 500இலும் வந்தது. 2023 ஜூலையில் நட்சத்திர நோட்டு கள்ள நோட்டு என்று வதந்தி பரவி, கடைக்காரர்கள் வாங்க மறுத்தபோது, அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் தர வேண்டியிருந்தது. அந்த வாரம் என் தெருவில் மட்டும் நான்கு பேருடைய நட்சத்திர நோட்டை வாங்கிக்கொண்டு வேறு நோட்டு கொடுத்தேன். எண் வரிசையைக் கவனிக்கிறவனுக்குத்தான் அச்சகத்தில் என்ன நடந்தது என்று தெரியும்.

2015 முதல் எண்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகின்றன. முன்னெழுத்து மட்டும் ஒரே அளவு. அதில் 999999 வந்தால் படிக்கட்டு ஏறுவது போல இருக்கும். அந்த அழகுக்காகவும் சேர்க்கிறேன், மறைக்கவில்லை.

சங்கக்காசு

பாதி நோட்டுச் செய்தி எனக்குப் புதிது. ஒட்டுப் போட்ட நோட்டின் எண் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். 444444 விஷயத்தில் இன்னும் இல்லை. 😊

வடகரையான்

அந்த 12 பழைய 500 பற்றி யாருமே சொல்லவில்லையே? வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும் என்று கேள்விப்பட்டேன்.

ஓய்வுகாசாளர்

நல்ல வேளை கேட்டீர்கள். செல்லாததாக அறிவிக்கப்பட்ட 500, 1000 நோட்டுகளுக்கு 2017இல் தனிச் சட்டமே இருக்கிறது. மதிப்பு எதுவானாலும் மொத்தம் 10 நோட்டு வரை யாரும் வைத்துக்கொள்ளலாம். படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் நோக்கத்துக்காக என்றால் 25 நோட்டு வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம்.

12 என்பது பத்துக்கு மேல், 25க்குள். எண்ணுக்காகச் சேர்த்தவை என்பதற்கு அப்பா எழுதிய டிக்கெட்டுகளே இருக்கின்றன, அவற்றோடு சேர்த்தே வையுங்கள். இன்னொன்று, அந்த விலக்கு வைத்திருப்பதற்கு. கைமாற்றுவதையும் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. ஆகவே இந்த 12ஐ யாருக்கும் விற்கும் பேச்சே வேண்டாம்.

2,000 ரூபாய் நோட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை.

நெல்லைச்சேகரம்

கண்டக்டர்மகள் அக்காவுக்கு இல்லை, இதைப் படித்துவிட்டு வாங்கக் கிளம்பும் தம்பிகளுக்கு ஒன்று. நான் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தபோது 100 ரூபாய் நோட்டில் 888888 என்று ஒன்றை வாங்கினேன். ஒரு மாதச் சேமிப்பு போனது. வீட்டுக்கு வந்து புற ஊதா விளக்கில் பார்த்தால் இரண்டு இலக்கம் மட்டும் ஒளிரவில்லை. காந்தி வரிசை நோட்டுகளில் எண்ணை ஒளிரும் மையில் அச்சிடுகிறார்கள். 3ஐயும் 0வையும் யாரோ 8 ஆக்கியிருந்தார்கள். இரண்டு பக்க எண்ணையும் மாற்றியிருந்தார்கள், அவ்வளவு பொறுமை. அன்றிலிருந்து கையடக்க விளக்கு இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. உருப்பெருக்கியில் இலக்கத்தைச் சுற்றித் தாள் மயிர் எழும்பியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். சுரண்டிய இடம் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

கண்டக்டர்மகள்

எல்லோருக்கும் நன்றி. அந்த ஆளின் எண்ணைத் தடை செய்துவிட்டேன். 444444இல் ஓய்வுகாசாளர் ஐயா சொன்ன இடத்திலேயே இரண்டு ஓட்டை இருக்கிறது. கணக்குடீச்சர் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன்.

அப்பாவோடு 19 வருஷம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவர் இருந்தார். நாங்கள் பாய் மாமா என்றுதான் கூப்பிடுவோம். பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குத் தூக்குச்சட்டி நிறையப் பிரியாணி வரும். அப்பா வருஷம் முழுக்கச் சேர்த்த 786 நோட்டுகளை ஒரு கவரில் போட்டு ரமலான் மாதத்தில் அவரிடம் கொடுத்துவிடுவாராம். மாமா அதற்குச் சமமான வேறு நோட்டு கொடுப்பார், அப்பா வாங்கிக்கொள்வார். மாமா அந்த நோட்டுகளைத்தான் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். காயல்காரன் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

41 டிக்கெட்டையும் எடுத்துத் தேதியைப் பார்த்தேன். எல்லாமே 2007க்குப் பிறகு. மாமா அந்த வருஷம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்பா 2009இல் ஓய்வு பெறும்வரை எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

காயல்காரன்

சகோதரி, அந்த மாமாவின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா?

கண்டக்டர்மகள்

பெரிய மகன் பெரியகுளத்தில் இருக்கிறார் என்று அம்மா சொன்னார். போன் எண் வாங்கியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை 41 நோட்டையும் கொண்டு போகிறோம். டிக்கெட்டுகளைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்றுதான் எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு. அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார்.

மற்றவற்றை நான் விற்கப் போவதில்லை. மயில் நோட்டை அம்மா தன் பீரோவில் வைத்துக்கொண்டார். மீதிக்கு நல்ல உறை வாங்க வேண்டும். பி.வி.சி. கூடாது என்று எங்கேயோ படித்தேன், சரியா? எந்த அளவு கேட்டு வாங்க வேண்டும்? அலமாரியில் பாச்சை உருண்டை போடலாமா?

கணக்குடீச்சர்

டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுத்துவிடுங்கள் அக்கா. நோட்டு எண்ணும் டிக்கெட்டும் ஒரே படத்தில் வரட்டும்.

பழையதாள்

டீச்சர் சொல்வதுதான் என் கருத்தும்.

பி.வி.சி. கூடாது என்பது சரி. நாளாக ஆக அது பிசுபிசுத்து மையைப் பிடித்து இழுக்கும். பாலியெஸ்டர் உறை என்று கேளுங்கள், கடைக்காரர்கள் மைலார் என்பார்கள். பாச்சை உருண்டை வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு கண்டிப்பாகக் கூடாது.

அளவு மில்லிமீட்டரில்: 1 ரூபாய் 97க்கு 63. உங்கள் ஆரியபட்டா 2 ரூபாய் 107க்கு 63. டிராக்டர் 5 ரூபாய் 117க்கு 63. மயில் 10 ரூபாய் 137க்கு 63. பழைய 500 ரூபாய் 167க்கு 73. உறை எல்லாப் பக்கமும் நான்கைந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். டிக்கெட்டை நோட்டோடு ஒரே உறையில் போடாதீர்கள். அந்த மலிவுத் தாளின் அமிலம் நோட்டில் ஏறும். தனி உறையில் போட்டுப் பின்னால் வையுங்கள்.

அம்மாவின் பீரோவில் இருக்கும் மயில் நோட்டுக்கும் ஒன்று மறக்காமல் வாங்குங்கள்.